லைன் ஆஃப் பண்ணாமல் ஒரு ரிப்பேர்

ஃப்ளூ காய்ச்சலில் மூச்சுக்குழாய்ச் செல்கள் செத்து விழும். சில நாளில் புதுசு முளைக்கும். வைரஸ் புகுந்த செல்லைக் கொன்றுபோடுவது டி செல்களின் வழக்கம். மூளையில் அது கட்டுப்படியாகுமா? நரம்புச் செல் போனால் பெரும்பாலும் போனதுதான்.

1991-ல் அமெரிக்காவில் டயான் கிரிஃபின் குழுவினர் எலிகளில் கண்டது இது: சிண்ட்பிஸ் வைரஸ் புகுந்த நரம்புச் செல்லை, எதிர்ப்பொருள் கொல்லாமலே சுத்தம் செய்கிறது. தண்டுவடத்தில் டி செல்கள் விடும் இன்டர்ஃபெரான் காமாவும் அப்படித்தான் என்று 2001-ல் தெரிந்தது. லைனை ஆஃப் பண்ணாமலே ஃபால்ட் பார்க்கிற மாதிரி! எலக்ட்ரிகல் பசங்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும்.

இதையெல்லாம் தேடிப் படித்தது தங்கச்சிக்காக. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். டாக்டர் சீட்டைக்கூட என்னிடம்தான் நீட்டுவார்கள். மூளைக்காய்ச்சலில் அவள் பிழைத்தபின் அம்மா கேட்டாங்க: "கிருமிதான் போயிடுச்சே, வலது கை ஏன்டா இன்னும் வரல?" காவலுக்கு ஆள் வந்து சேருமுன்பே சில செல்களை வைரஸ் முடித்திருக்கும், வீக்கமும் கொஞ்சம் கெடுத்திருக்கும் என்றேன்.

"சரி, உள்ள ஏதாவது ஒளிஞ்சிருந்தா?"

எலிகளில் அப்படி வைரஸின் துணுக்குகள் தங்கத்தான் செய்கின்றன. ஆனால் எதிர்ப்பொருள் சுரக்கும் செல்களும் ஊர் திரும்பாமல் மாதக்கணக்கில் அங்கேயே காவல் இருக்கின்றன. இதைச் சொன்ன பிறகுதான் அம்மா சாப்பிட உட்கார்ந்தாங்க.