காரணமும் குற்றமும்

நோயுற்றோரைச் சந்தித்து வருவது பங்குத்தந்தையின் அன்றாடப் பணிகளுள் ஒன்று. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இப்பணியில் நான் கண்டறிந்தது ஒன்றுண்டு. ஒவ்வொரு நோய்க்கும் ஊரார் ஒரு கேள்வி வைத்திருக்கின்றனர். மாரடைப்பு என்றால் வயதைக் கேட்பர். சர்க்கரை என்றால் தாய் தந்தைக்கு இருந்ததா என்பர். நுரையீரல் புற்றுநோய் என்று சொல்லிவிட்டால் போதும், "பீடி, சிகரெட் உண்டோ?" என்பதே முதற்கேள்வி. "ஆம்" என்று விடை வந்தால் கேட்டவர் முகத்தில் ஒருவகை நிம்மதி தென்படும். கணக்கு நேராகிவிட்டது என்னும் நிம்மதி அது. "இல்லை" என்றால் அவர் தடுமாறிப் போவார். இந்த நிம்மதியும் சரியன்று, அந்தத் தடுமாற்றமும் தேவையற்றது என்பதே ஈண்டு நான் பகிர்ந்துகொள்ள விழைவது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அக்கேள்வி ஆதாரமற்றதன்று. 1950-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் என்னும் இருவர் இலண்டன் மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். சாலைக்கு இடும் தாரும் வண்டிப் புகையுமே காரணமாயிருக்கலாம் என்று எண்ணித் தொடங்கிய டால், ஆய்வின் நடுவிலேயே தாம் புகைப்பதை நிறுத்திக்கொண்டார். நுரையீரல் புற்றுநோய் கண்ட 649 ஆண்களுள் புகைக்காதவர் இருவரே என்பது அவ்வாய்வில் தெரியவந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் வைண்டரும் எவர்ட்ஸ் கிரஹாமும் இதே முடிவுக்கு வந்தனர். இந்தக் கிரஹாம் யார்? புற்றுநோய் கண்ட நுரையீரல் ஒன்றை முழுமையாக அகற்றி நோயாளியைப் பிழைக்கவைத்த அறுவை மருத்துவர். 1933-இல் அதைச் சாதித்தவர். நெடுங்காலம் புகைத்தவர், ஆய்வுக்குப் பின் நிறுத்தினார். எனினும் 1957-இல் அதே நோயால் மாண்டார். அவரால் காப்பாற்றப்பட்ட நோயாளியோ அவருக்குப் பின்னும் வாழ்ந்திருந்தார்.

புகை எவ்வாறு கேடு விளைவிக்கிறது என்பதும் இன்று மறைபொருளன்று. புகையிலைப் புகையில் ஏழாயிரத்திற்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ எழுபது புற்றுநோயை உண்டாக்க வல்லவை. அவற்றுள் சில, உயிரணுவின் மரபணு இழையில் ஒட்டிக்கொண்டு எழுத்துப்பிழைகளை உண்டாக்குகின்றன. உயிரணு கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் காவல் மரபணுவிலேயே பிழை நேரும்போது காவல் தளர்கிறது. ஒருநாளில் நிகழ்வதன்று இது. பல பத்தாண்டுகள் சேர்ந்து நிகழ்வது. எனவேதான் இருபது வயதில் பற்றவைத்தவர் அறுபதில் விலை கொடுக்கிறார்.

ஆனால், 1950-ஆம் ஆண்டின் அதே இலண்டன் ஆய்வில் மற்றோர் எண்ணும் இருந்தது. நோய் கண்ட பெண்கள் 60 பேர். அவர்களுள் 19 பேர் புகைக்காதவர்கள்! அந்தப் பத்தொன்பது பேரைக் குறித்து உலகம் நெடுநாள் எண்ணிப் பார்க்கவில்லை. 1981-இல் ஜப்பானியர் தகேஷி ஹிராயாமா, புகைக்காத மனைவியர் தொண்ணூறாயிரத்திற்கும் மேற்பட்டோரைப் பல்லாண்டு கவனித்து, கணவர் மிகுதியாகப் புகைத்த வீடுகளில் மனைவியர்க்கு இந்நோய் மிகுதி என்று காட்டினார். சீனத்தின் யுன்னான் மாநிலத்தில் சுவான்வெய் என்னும் வட்டாரம் உண்டு. அங்குள்ள பெண்கள் புகைப்பதில்லை. ஆனால் புகைபோக்கி இல்லாத வீட்டினுள் நிலக்கரி மூட்டிச் சமைத்தனர். அந்நாட்டிலேயே மிகுந்த அளவில் இந்நோய்க்கு இரையான பெண்கள் அவர்களே. அடுப்புக்குப் புகைபோக்கி வைத்த வீடுகளில் நோய் குறைந்தது.

இன்னும் உண்டு. பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் கசியும் ரேடான் என்னும் கதிரியக்க வாயு, கல்நார்த் தூசி, நகரத்தின் மாசுற்ற காற்று. இந்தக் காற்றைப் புற்றுநோய்க் காரணி என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013-இல் அறிவித்தது. இவை எவற்றையும் நோயாளி கடையில் காசு கொடுத்து வாங்கவில்லை. மூச்சு விட்டார், அவ்வளவே. உலகெங்கும் இந்நோய் கண்டோரில் பத்து முதல் இருபத்தைந்து விழுக்காட்டினர் ஒருபோதும் புகைக்காதவர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. 2022-இல் மட்டும் இந்நோயால் 18 இலட்சம் பேர் இறந்தனர். அப்படியானால் புகைக்காமலே மாண்டவர் எத்தனை இலட்சம் என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கில் ஒரு தாய்க்கு இந்நோய் வந்தது. வயது ஐம்பத்தெட்டு. ஓயாத இருமலைக் காசநோய் என்று கருதி மாதக்கணக்கில் மருந்து உண்டவர். நம் நாட்டில் பலருக்கும் நேர்வது இது. நற்கருணை கொண்டுசென்ற ஒருநாள், பார்க்க வந்த உறவினர் ஒருவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "அவ எங்க பீடி குடிச்சா?" என்றார் அந்தத் தாயின் தங்கை. உடனே அங்கிருந்தோர் அனைவரின் பார்வையும் திண்ணையில் அமர்ந்திருந்த கணவர்மேல் திரும்பியது. நாற்பது ஆண்டுகளாகப் பீடி பிடித்தவர் அவர். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் புறப்படுகையில் தெருமுனை வரை உடன் வந்தவர், "சாமி, நான்தான் அவளக் கொல்லுறேனா?" என்று கேட்டார்.

குருமடத்தில் நன்னெறியியல் கற்பித்த பேராசிரியர், காரணம் வேறு, குற்றம் வேறு என்று அடிக்கடி வற்புறுத்துவார். ஒரு செயல் தீய விளைவைத் தந்தது என்பதாலேயே செய்தவர் முழுக் குற்றவாளி ஆகிவிடார். அவர் முழுமையாக அறிந்திருந்தாரா, முழு மனத்தோடு இசைந்தாரா என்றும் பார்க்கவேண்டும். பழக்கத்தின் பிடி அந்த இசைவைக் குறைக்கும் என்பது திருச்சபையின் போதனை. பதினாறு வயதில் கூலி வேலைக்குப் போன இடத்தில் பீடியைக் கற்றவர் அவர். நிக்கோட்டின் மூளையில் இட்ட விலங்கு பின்னர் இறுகியது. அவரிடம் "ஆம்" என்று சொல்வது பொய். "உமக்கும் இதற்கும் தொடர்பில்லை" என்பதும் பொய். "உங்கள் புகையும் காரணங்களுள் ஒன்றாக இருந்திருக்கலாம், நாற்பது ஆண்டு விறகடுப்பும் இருந்திருக்கலாம், எது என்று ஒருவர் விஷயத்தில் எவராலும் அறுதியிட முடியாது. வீட்டில் பேரப்பிள்ளை இருக்கிறான். அவனுக்காக இன்றே விடுங்கள்" என்றேன். இருமுறை விட்டு மீண்டும் தொடங்கினார். மூன்றாம் முறை விட்டார்.

அந்தத் தாயின் கட்டியைச் சோதித்தபோது, புகைக்காதவரிடத்தில், சிறப்பாக ஆசியப் பெண்களிடத்தில், மிகுதியாகக் காணப்படும் ஒரு மரபணு மாற்றம் இருந்தது. 2004-இல் கண்டறியப்பட்ட அந்த மாற்றத்திற்கென்றே மாத்திரைகள் உள்ளன. அவை அவருக்கு ஒன்றரை ஆண்டு தந்தன. மகளின் திருமணத்தைப் பார்த்துவிட்டே கண்மூடினார்.

யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது எவர் செய்த பாவம் என்று வினவுகின்றனர். ஆண்டவர் அந்த வினாவின் அடிப்படையையே ஏற்க மறுத்துவிட்டு, அம்மனிதருக்குச் செய்யவேண்டியதைச் செய்கிறார். நாமோ படுக்கையருகே நின்றுகொண்டு இன்றும் அதே வினாவை எழுப்புகிறோம். புகைத்தவரைக் கேட்டால் அவர் நோயோடு வெட்கத்தையும் சுமக்கிறார். வெட்கம் மருத்துவரிடம் செல்லும் காலைத் தடுக்கிறது. புகைக்காதவரோ, "எனக்கு வராது" என்ற நம்பிக்கையில் இருமலைப் புறக்கணிக்கிறார்.

குற்றஞ்சாட்டலாகாது என்பதால் எச்சரிக்கையும் கூடாது என்று பொருளன்று. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், மக்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் பொருளை விற்றுப் பொருளீட்டலாகாது என்று கருதி, 2018 முதல் வத்திக்கானில் சிகரெட் விற்பனையை நிறுத்தினார். அதனால் வந்த வருவாயை இழக்கவும் முன்வந்தார். டால் 2004-இல் வெளியிட்ட ஐம்பதாண்டுக் கணக்கின்படி, தொடர்ந்து புகைப்போர் சராசரியாகப் பத்தாண்டு ஆயுளை இழக்கின்றனர். முப்பது வயதில் விட்டவர் அந்த இழப்பை ஏறத்தாழ முழுவதுமாகத் தவிர்க்கிறார். ஐம்பதில் விட்டவர் ஆறாண்டும், அறுபதில் விட்டவர் மூன்றாண்டும் மீட்டுக்கொள்கின்றனர். ஆகவே காலங்கடந்துவிட்டது என்று சொல்ல எவருக்கும் இடமில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, புகைப்பவர் வீட்டினுள் புகைக்க வேண்டாம். விட முயல்வோரை, ஒருமுறை தவறினும் ஏளனம் செய்ய வேண்டாம். விறகடுப்பு எரியும் வீடுகளில் புகை வெளியேற வழி செய்வோம். மூன்று வாரம் கடந்தும் இருமல் நீங்காதெனில், சளியில் இரத்தம் தென்படுமெனில், புகைத்தவராயினும் புகைக்காதவராயினும் மருத்துவரிடம் செல்லட்டும். காசநோய் மருந்துக்கு இருமல் அடங்காவிடில் மறுபடியும் சோதிக்கச் சொல்லட்டும். நோயாளியைப் பார்க்கப் போகும்போது பழக்கத்தை விசாரிக்கும் பொறுப்பை மருத்துவருக்கு விட்டுவிடுவோம். மருத்துவமனைக்குத் துணைக்கு வர ஆள் உண்டா, வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று நாம் கேட்போம்.