அரை நாலு என்றால் எத்தனை மணி?

சென்னையிலிருந்து பெங்களூர் ரோட்டில் ராணிப்பேட்டை, வேலூர் தாண்டினால் ஆம்பூர். ஒரு பக்கம் பிரியாணி வாசனை. காற்று திரும்பினால் தோல் ஷாப் வாசனை! 2019-லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். இங்கே தயாராகும் தோலும் ஷூவும் கப்பலேறும் நாடுகளில் ஜெர்மனி முக்கியமானது. அதனால் ஏற்றுமதி ஆபீஸில் வேலை பார்ப்பவர் ஜெர்மன்காரரின் கிழமையையும் கடிகாரத்தையும் கொஞ்சம் தெரிந்துவைத்துக் கொள்வது நல்லது சார்.

ஆரம்பம் அல்வா மாதிரி. 'ஸோன்டாக்' சூரியனின் நாள்; நம்ம ஞாயிறும் அதேதான். 'மோன்டாக்' நிலாவின் நாள். திங்கள் என்றாலும் நிலாதானே! வியாழனை ரோமானியர் இடிக்கு அதிபதியான ஜூபிடருக்குக் கொடுத்திருந்தார்கள். ஜெர்மானியர் அந்த நாற்காலியில் தங்கள் இடி தேவன் டோனரை உட்காரவைத்து, 'டோனர்ஸ்டாக்' என்றார்கள்.

பாவம், புதன்தான். வோடன் என்ற பழைய சாமியின் நாளாக இருந்தது. கிறிஸ்தவம் வந்தபின் சாமி பெயர் போய், 'மிட்வோஹ்', அதாவது 'வார நடு' என்று மொட்டையாக நிற்கிறது.

சனிக்கிழமைதான் சுவாரஸ்யம். ஜெர்மனியின் வடக்கிலும் கிழக்கிலும் பலர் அதை 'ஸோன்ஆபென்ட்' என்பார்கள். 'ஞாயிறுக்கு முந்தின மாலை' என்று அர்த்தம். மாலைக்கு வைத்த பேர் முழு நாளையும் விழுங்கிவிட்டது! ஆம்பூர் பாயிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். உருதுவில் வியாழக்கிழமைக்குப் பேர் 'ஜுமேராத்': ஜும்மாவின் ராத்திரி. இஸ்லாமியக் கணக்கில் சூரியன் மறைந்ததுமே அடுத்த நாள் பிறந்துவிடுகிறதே! நாளைய விசேஷம் இன்றைக்கே பேர் வைத்துவிடுகிறது. சனிக்கிழமை மத்தியானமே ஃபைலை மூடிவைக்கும் நமக்கு இது புரியாதா என்ன?

ஆனால் இரண்டு இடத்தில் உஷார். 'ஹால்ப் ஃபியர்' என்றால் வார்த்தைக்கு வார்த்தை 'அரை நாலு'. நாலரை என்று நினைத்து போன் போட்டால் ஒரு மணி நேரம் லேட். அது மூன்றரை! நாலாவது மணியில் பாதி தீர்ந்தது என்பது அவர்கள் கணக்கு.

அடுத்தது டெலிவரி. தேதிக்குப் பதில் '36-வது வாரம்' என்று எழுதுவார்கள். அங்கே 1976-லிருந்து வாரம் திங்களில்தான் ஆரம்பம். வருஷத்தின் முதல் வியாழன் வரும் வாரமே ஒன்றாம் வாரம். நம்ம சுவர் காலண்டரில் ஞாயிறு வாரத்தின் முதல் நாள். அவர்களுக்கோ கடைசி நாள். '36-வது வாரம், ஞாயிறு' என்பதை ஆளுக்கொரு காலண்டரில் பார்த்தால் முழுசாக ஏழு நாள் இடிக்கும். பேசாமல் தேதியைக் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

இதில் வேடிக்கை, திங்களிலிருந்து எண்ணினால் அந்த 'வார நடு' புதன் மூன்றாவது நாள். சாமியும் போச்சு, நடுவும் போச்சு!