ஒரு துளி இரத்தம்

எங்கள் அன்னையார் நெடுநாளாக நீரிழிவு நோயால் வருந்துபவர். சென்ற கோடையில் ஒரு மாலை, வீட்டிலுள்ள குளுக்கோமீட்டர் அவரது இரத்தச் சர்க்கரையை 312 எனக் காட்டிற்று. கலங்கிப்போன நாங்கள், மருத்துவர் எழுதித் தந்த அட்டவணைப்படி இன்சுலின் அளவைக் கூட்டி ஊசியில் ஏற்றியும் விட்டோம். அவ்வேளை அன்னையார், "இப்போதுதான் மாம்பழம் நறுக்கினேன், கையைக் கழுவவில்லையே!" என்றார். சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மீண்டும் சோதித்தோம். 146! அந்த ஊசியைப் போட்டிருந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்திருக்கும்.

1962-இல் அமெரிக்க அறிஞர் லேலண்ட் கிளார்க் காட்டிய வழியில் வளர்ந்தது இக்கருவி. சோதனைப் பட்டையிலுள்ள நொதி சர்க்கரையோடு வினைபுரிகையில் எழும் சிறு மின்னோட்டத்தையே அது அளக்கிறது. விரலில் ஒட்டிய பழச்சாறும் அதற்குச் சர்க்கரைதான். இரத்தசோகை உள்ளவர்க்குச் சில கருவிகள் மிகுத்துக் காட்டும். ஈரக்காற்றுப் பட்ட பட்டையும் பிழை செய்யும். 2013-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரமோ, சர்க்கரை 100-உம் அதற்கு மேலும் இருக்கையில் 15 விழுக்காடு வரை வேறுபாட்டை ஏற்கிறது.

ஆகவே அன்பர்களே, எண்ணைக் கண்டு அஞ்சுமுன் கையைக் கழுவுவோம். ஐயமெழுந்தால் மறுமுறை சோதிப்போம். பட்டைக் குப்பியை இறுக மூடி வைப்போம். எங்கள் வீட்டில் இப்பொழுது கருவிக்கு அருகிலேயே சோப்பும் துவாலையும் இருக்கின்றன.