ஓய்வில் 12.5 வோல்ட்

மீட்டர் 12.5 வோல்ட் காட்டியது. நன்றாக சார்ஜ் ஏறிய புதுப் பேட்டரியே 12.6தான் காட்டும். பேட்டரியின் மேல் மூடியில் உள்ள கண்ணும் பச்சையாக இருந்தது. ஆனால் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. ‘டக்’கென்று ஒரு சத்தம், அதோடு டேஷ்போர்டு விளக்குகள் மங்கின. திருச்சியில் மே மாதக் காலை. அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும். ஆட்டோ பிடித்துப் போனோம்.

மாலையில் பேட்டரிக் கடைக்காரர் லோடு டெஸ்டரோடு வந்தார். இரண்டு டெர்மினலிலும் கவ்வியை மாட்டிப் பட்டனை அழுத்தியதும் முள் 8 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தது. “சும்மா இருக்கும்போது நல்லாத்தான் சார் காட்டும். வேலை குடுத்துப் பாக்கணும்” என்றார்.

அவர் சொன்னதன் காரணம் பிறகுதான் விளங்கியது. ஓய்வில் இருக்கும் வோல்ட் அமிலத்தின் அடர்த்தியைத்தான் சொல்கிறது. செல்ஃப் மோட்டாரோ எடுத்த எடுப்பில் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். அதைக் கொடுக்க வேண்டியவை உள்ளிருக்கும் ஈயத் தகடுகள். தகடு அரித்து, சல்ஃபேட் இறுகிவிட்டால் அமிலம் நன்றாக இருந்தும் பயனில்லை. அந்தப் பச்சைக் கண்ணும் ஆறு செல்களில் ஒன்றின் நிலையை மட்டுமே காட்டும். அரிப்பை விரைவுபடுத்துவது வெயில். குளிர் நாடுகளில் பேட்டரி பனிக்காலத்தில் படுத்துக்கொண்டாலும், பெரும்பாலும் அதைக் கெடுத்தது முந்தைய கோடைதான். நம் ஊர் வெயிலில் நான்கு வருடம் உழைத்தாலே நல்ல பேட்டரி என்பேன்.

இப்போது காலையின் முதல் ஸ்டார்ட்டைக் காது கொடுத்துக் கேட்கிறேன். எஞ்சின் வழக்கத்தைவிட இழுத்து இழுத்துச் சுற்றினால் அதுவே முதல் அறிகுறி. வீட்டில் மீட்டர் இருந்தால், ஒருவர் ஸ்டார்ட் செய்ய இன்னொருவர் முள்ளைப் பார்க்கலாம். முழு சார்ஜில் இருந்தும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பேட்டரியை நம்ப வேண்டாம். பெட்டி உப்பியிருந்தால் சோதனையே தேவையில்லை, மாற்றிவிட வேண்டும்.

எல்லாக் கோளாறும் பேட்டரியுடையது அல்ல. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருந்தால், கேபிளைக் கழற்றி (முதலில் நெகட்டிவ்) சுத்தம் செய்து இறுக்கினாலே சில நேரம் சரியாகிவிடும். வண்டி ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். 13-ஐக்கூடத் தொடவில்லையென்றால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்; அதைச் சரிசெய்யாமல் மாட்டும் புதுப் பேட்டரியும் சில நாளில் இறங்கிவிடும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சார்ஜ் மிதமிஞ்சி ஏறுகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பேட்டரி மூன்று வருடம் கடந்ததா? அடுத்த வெளியூர்ப் பயணத்துக்கு முன் கடையில் நிறுத்தி லோடு டெஸ்ட் பார்த்துவிடுங்கள். சில நிமிட வேலைதான்.