முழுச்சீட்டு

தில்லியில் தமிழோசை கேட்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குச் சென்றால் போதும். முருங்கைக்காய், வாழைப்பூ, கறிவேப்பிலை, தேங்காய், புழுங்கலரிசி எனப் பிற சந்தைகளில் தேடியும் கிடைக்காதவை இங்கே கிடைக்கும். மீன்கடைகளின் ஈரத்தரையில் கால் வழுக்காமல் நடந்து செல்கையில், யாரேனும் ஒருவர் தம் மகனைத் தமிழில் கடிந்துகொள்வது காதில் விழும். அன்றைய நாள் எனக்கு நிறைவடைந்துவிடும்.

ஐ.என்.ஏ. என்பது நேதாஜி தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவத்தின் பெயர். 1943இல் உருவான அதன் ஜான்சி ராணி படைப்பிரிவுக்குக் கேப்டன் லட்சுமி தலைமை தாங்கினார். மலாயாவில் வாழ்ந்த தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தனர். இந்த வரலாற்றை என் மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது வகுப்பறையில் அன்று. மீன் வாங்கும் வரிசையில்.

ஒரு நாள், என் மகன் இந்திய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டான்: “அம்மா, மேலிருந்து கீழ்வரை ஒரே இரயிலில் போக முடியுமா?”

முடியும் என்றார் என் கணவர். ஜம்மு மலையடிவாரத்துக் கட்ராவிலிருந்து கன்னியாகுமரிக்கு வாரம் ஒருமுறை ஹிம்சாகர் விரைவு இரயில் செல்கிறது. ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர். இரயிலிலேயே மூன்று இரவுகள். பயணத்தின் முடிவில் நாங்குநேரியில் இருக்கும் பாட்டியையும் பார்க்கலாம். அன்றே குடும்பத்தின் குறிக்கோள் முடிவாயிற்று.

குறிக்கோள் பெரிது, கையிருப்பு சிறிது. அரசு தரும் விடுப்புப் பயணச் சலுகையை முந்தைய ஆண்டே ஊருக்குச் சென்றுவரப் பயன்படுத்தியிருந்தோம். வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்பும் தொகையும் போக மிஞ்சுவதுதான் பயணத்திற்கு. பழைய காப்பித்தூள் டப்பா ஒன்றின் மூடியில் துளையிட்டோம். வாரந்தோறும் சந்தைச் செலவில் மிஞ்சும் பணம் அதில் விழுந்தது. வரவு செலவைத் தமிழில் எழுதும் பொறுப்பு மகளுக்கு. ‘முருங்கைக்காய்’ என்று எழுதத் தொடங்கியபோது இடையின ரகரமா, வல்லின றகரமா எனத் தயங்கியவள், நான்காம் மாதத்தில் ஒரு பக்கத்தைப் பிழையின்றி எழுதினாள்.

செலவைச் சுருக்கக் கணக்கும் போட்டோம். இரயிலில் ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டாமென்றால் அரைக்கட்டணம். தனிப் படுக்கை கேட்டால் முழுக்கட்டணம். மகனுக்கு வயது பதினொன்று. அவனை என் படுக்கையிலேயே படுக்க வைத்துக்கொள்ளலாம் என முடிவு செய்தோம்.

மழைக்காலத்தின் இறுதியில் மகனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. அவன் மருத்துவமனையில் இருந்த ஐந்து நாட்களில் டப்பா காலியாயிற்று. மகன் நலம்பெற்று வீடு திரும்பினான். பயணம் ஓராண்டு தள்ளிப்போயிற்று. அந்த ஓராண்டுக்குள் அவனுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்துவிடும் என்பதை நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

மறு கோடைக்கு முன்பதிவு செய்ய அமர்ந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. கையிருப்பு அரைக்கட்டணத்திற்கே போதுமானதாக இருந்தது. மகன் மெதுவாகச் சொன்னான்: “பதினொன்று என்றே போட்டுவிடலாமே அம்மா. நான் பார்க்கவும் சிறியவனாகத்தானே இருக்கிறேன்?”

காய்ச்சலுக்குப் பின் அவன் உண்மையிலேயே இளைத்துத்தான் இருந்தான். யாரும் ஐயுறமாட்டார்கள். ஒரு கணம் என் விரல் அந்த எண்ணின்மீது நின்றது என்பதை உங்களிடம் மறைக்கமாட்டேன். வகுப்பில் வாய்மை அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்துபவள் நான். அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியதோ மீதித்தொகைக் கணக்கு மட்டுமே. அப்போது மகள் தன் கணக்கேட்டைப் புரட்டியபடி கேட்டாள்: “அப்படியென்றால் இதில் நான் எந்த வயதை எழுதுவது?”

நான் பன்னிரண்டு என்று பதிவு செய்தேன்.

பற்றாக்குறையை ஈடுசெய்ய வழி சொன்னவன் மகன்தான். “பயணம் வரை நமக்கு மீன் வேண்டாம்.” வஞ்சிரம் மீன் என்றால் உயிரை விடுபவன் அவன். பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் நாங்கள் மீன்கடைகளைப் பார்க்காமல் காய்கறிப் பக்கமாகவே நடந்தோம். கடைக்காரர் எங்களைக் கண்டு கையசைத்தபோது, “அடுத்த மாதம்” என்று சொல்லி அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கட்ராவில் இரயில் ஏறினோம். மறுநாள் இரயில் தில்லியிலேயே வந்து நின்றபோது, “வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டோமே!” என்று பிள்ளைகள் சிரித்தனர். ஜான்சி நிலையத்தில் மகள் கேப்டன் லட்சுமியின் படைப்பிரிவை நினைவுகூர்ந்தாள். பஞ்சாபில் குர்முகி, ஆந்திரத்தில் தெலுங்கு எனப் பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறிக்கொண்டே வந்தது. காட்பாடி நிலையத்தில் மகன் சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு, “காட்பாடி” என்று உரக்கப் படித்தான். அருகில் உறங்கிக்கொண்டிருந்த பெரியவர் விழித்தெழுந்து, “நல்லாப் படிக்கிறியே தம்பி, எந்த ஊர்?” என்றார். அவன் சற்றுத் தயங்கி, “தில்லி... நாங்குநேரி” என்றான்.

வழியில் பயணச்சீட்டுப் பரிசோதகர் எங்கள் இருக்கைக்கு வந்தார். அவர் கேட்பதற்கு முன்பே மகன் எழுந்து நின்று, “எனக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது” என்றான். அவருக்குத் தமிழ் புரியவில்லை, புன்னகைத்துவிட்டுச் சென்றார். அன்றிரவு அவன் தனக்கெனக் கிடைத்த மேல்படுக்கையில் கைகால்களை நன்றாக நீட்டிப் படுத்தான்.

கன்னியாகுமரிக்கு என் தம்பியுடன் மாமியார் வந்து காத்திருந்தார். மறுநாள் காலை அனைவரும் கடலோரத்தில் நின்று திருவள்ளுவர் சிலையைப் பார்த்தோம். 133 அடி, பீடம் 38, சிலை 95. அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38 என்றும், அந்த அறத்தின்மீதே பொருளும் இன்பமும் நிற்பதை அப்பீடம் காட்டுகிறது என்றும் விளக்கினேன். மகன் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, டப்பாவின் கதையையும் மீனின் கதையையும் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தான். இடையிடையே இந்திச் சொற்கள் வந்தன. பாட்டி அவற்றைப் பொருட்படுத்தவில்லை. கதை முடிந்ததும் தம்பியை அழைத்து, “முதலில் பிள்ளைக்கு மீன் வாங்கு” என்றார்.

மாணவர்களே, தில்லி திரும்பிய பின் டப்பா மீண்டும் அடுப்பங்கரை அலமாரியில் ஏறியது. இம்முறை அதன்மேல் ஒட்டிய தாளில் மகளின் கையெழுத்தில் இருப்பது: ‘துவாரகை — நான்கு முழுச்சீட்டு.’