நாற்றம் மறையும் நேரம்

நாளிதழின் உட்பக்கத்தில் விரல் நீளச் செய்தியாக அது வரும்: கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தபோது விஷவாயு தாக்கி இருவர் பலி. ஊரின் பெயர் மாறும். இறந்தோர் எண்ணிக்கை மாறும். வாக்கியம் மட்டும் மாறுவதில்லை. தமிழ் இலக்கியம் பயிலும் மாணவன் என்ற முறையில் அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். தாக்கியது வாயு, சுத்தம் செய்தவர்கள் இறந்துபோனவர்கள். இறங்கச் சொன்னவர் யார்? கூலி பேசியவர் யார்? அந்தத் தொட்டியின் உரிமையாளர் யார்? செயலைச் செய்வித்தவருக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. இலக்கணம் அவரைத் தோன்றா எழுவாய் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அறம் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியுமா?

எங்கள் கல்லூரியில் கத்தோலிக்க மாணவர்களுக்கு மறைக்கல்வி வகுப்பும், மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பும் உண்டு. இரண்டிலும் இக்காலச் சிக்கல்கள் பேசப்படுகின்றன. மரண தண்டனை, கருணைக் கொலை, மனிதப் படியாக்கம், செயற்கை நுண்ணறிவு எனத் தலைப்புகள் வரிசையாக வரும், காரசாரமாக வாதிடுவோம். அவை அனைத்தும் பேசப்பட வேண்டியவையே. ஆயினும் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அந்தத் தலைப்புகளில் நாங்கள் நீதிபதிகளாக அமர்ந்துகொள்ள முடிகிறது. யாரோ ஒருவரின் வாழ்வைப் பற்றி, எங்கோ ஒரு மருத்துவமனையைப் பற்றி, சிறைச்சாலையைப் பற்றித் தீர்ப்புக் கூறிவிட்டு உணவருந்தச் செல்கிறோம். கழிவுநீர்த் தொட்டியில் மடியும் மனிதனைப் பற்றிய விவாதம் ஒருமுறைகூட நடந்ததில்லை. அந்த வழக்கில் நாம் நீதிபதியின் இருக்கையில் அமர இயலாது. ஒவ்வொரு வீட்டின் பின்புறத்திலும் அந்தத் தொட்டி இருக்கிறது, நாம் எதிர்த்தரப்பினர்.

இது சட்டம் இல்லாத குறை அன்று. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளும் வேலையையும் உலர் கழிப்பிடங்களையும் தடைசெய்து 1993-இலேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2013-இல் வந்த விரிவான சட்டம், கழிவுநீர்க் குழாய்களையும் தொட்டிகளையும் உரிய பாதுகாப்பின்றி மனிதரைக் கொண்டு தூய்மை செய்விப்பதையும் குற்றமாக்கியது. முதன்முறை மீறினாலே 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 2 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தச் சட்டம் நகராட்சியையும் ஒப்பந்தக்காரரையும் கட்டுப்படுத்துவது போலவே தனி மனிதரையும் கட்டுப்படுத்துகிறது. நேரில் கூப்பிட்டாலும், இடையில் ஒருவரை வைத்துக் கூப்பிட்டாலும் குற்றம் குற்றமே. கோலார் தங்கவயலில் பிறந்து, 2016-இல் மகசேசே விருது பெற்ற பெசவாடா வில்சனின் இயக்கம் 2003-இல் தொடுத்த வழக்கில், 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1993 முதல் சாக்கடைப் பணியில் உயிரிழந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் வேறொரு தீர்ப்பு அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. இவ்வளவுக்குப் பிறகும் சாவுகள் நிற்கவில்லை. 1993 முதல் பதிவான இறப்புகளில் முன்னிலையில் நிற்கும் மாநிலங்களுள் நம் தமிழ்நாடும் ஒன்று என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

தொட்டிக்குள் என்னதான் நடக்கிறது? காற்றுப் புகாத இருட்டில் கழிவு மட்கும்போது மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய வாயுக்கள் உண்டாகின்றன. மீத்தேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது மூச்சுக் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நெருப்புப் பட்டால் வெடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடோ அழுகிய முட்டையைப் போல நாறும். ஆனால் காற்றில் அதன் அளவு பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 100 பங்கை எட்டியதும் மனிதனின் முகரும் நரம்பு மரத்துப்போகிறது. நாற்றம் மறைந்துவிடுகிறது. இறங்கியவர், 'இப்போது பரவாயில்லை' என்று எண்ணும் அந்த நொடிதான் அவருக்கு மிகவும் ஆபத்தான நொடி. அடியில் இறுகிக் கிடக்கும் வண்டலைக் கிளறும்போது, அதற்குள் சிறைப்பட்டிருந்த வாயு ஒரேயடியாக மேலெழும்புகிறது. ஒருவர் சாய்கிறார். மேலே நிற்பவர் அவருடைய தம்பியாகவோ மைத்துனராகவோ இருப்பார், யோசிக்காமல் குதிக்கிறார், அவரும் சாய்கிறார். செய்திகளில் பலியானோர் எண்ணிக்கை அடிக்கடி இரண்டாகவும் மூன்றாகவும் இருப்பதன் காரணம் இதுவே.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் கணக்கெடுப்புக்காக நகரின் ஓரத்திலுள்ள துப்புரவுப் பணியாளர் குடியிருப்புக்குச் சென்ற ஆண்டு நாங்கள் போயிருந்தோம். அங்கே ஓர் அம்மையாரைச் சந்தித்தேன். கணவர் தனியார் வீடு ஒன்றின் தொட்டியில் இறங்கி இறந்துவிட்டார். வீட்டுக்காரர் அடக்கச் செலவுக்கென்று கொஞ்சம் பணம் கொடுத்ததோடு சரி. புகார் வேண்டாம் என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்களாம். புகாரே பதிவாகாத சாவுக்கு நிவாரணம் கேட்டு எந்தக் கதவைத் தட்டுவது? படிவத்தில் இருந்த கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லிவிட்டு, நாங்கள் எழுந்தபோது அவர் கேட்டார்: "குடிச்சிட்டு இறங்கினாரு, அதனாலதான் செத்தாருன்னு எல்லாரும் பேசுறாங்க தம்பி. குடிக்காம அதுக்குள்ள யாரால இறங்க முடியும்னு ஒருத்தராச்சும் கேட்டாங்களா?" எங்கள் படிவத்தில் அதை எழுதுவதற்குக் கட்டம் இல்லை. நான் அதன் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன்.

இதைப் பேசும்போதெல்லாம் இரண்டு மறுமொழிகள் வருகின்றன. முதலாவது: "யாரும் வற்புறுத்தவில்லை, அவர்களாகத்தானே வருகிறார்கள்?" பசியோடு வருகிறவன் தரும் சம்மதத்தை முழுச் சம்மதம் என்று கொள்ளலாமா? அப்படியே கொண்டாலும், அந்தச் சம்மதம் ஏன் குறிப்பிட்ட சில சாதிகளிலிருந்தே தலைமுறை தலைமுறையாகக் கிடைத்துக்கொண்டிருக்கிறது? வேலையற்ற பட்டதாரிகள் நம் தெருவெங்கும் இருக்கிறார்கள். தொட்டி நிரம்பினால் அவர்களில் எவரையும் நாம் கூப்பிடுவதில்லை. யாரைக் கூப்பிட வேண்டும் என்பது நமக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. சாதியைக் கடந்துவிட்டோம் என்று பேசும் வீடுகளுக்கும் அது தெரிந்திருக்கிறது.

இரண்டாவது மறுமொழி சற்று நயமானது: "எல்லா உழைப்பும் புனிதமானதே, துப்புரவுப் பணியை இழிவாகப் பேசாதீர்கள்." கேட்பதற்கு இனிக்கிறது. உழைப்பைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் வெளியிட்ட சுற்றுமடலும் உழைப்பின் மாண்பை வலியுறுத்துகிறது. ஆனால் அந்த மாண்பு எங்கிருந்து வருகிறது என்பதை அது தெளிவாக்குகிறது: செய்பவர் ஒரு மனிதர் என்பதிலிருந்தே வருகிறது, உழைப்பு மனிதனுக்காக, மனிதன் உழைப்புக்காக அல்லன் என்பதே அதன் போதனை. அப்படியானால் செய்பவரின் மூச்சையே நிறுத்திவிடும் வேலையைப் புனிதம் என்று புகழ்வது, அவரை அங்கேயே கட்டிவைக்கும் கயிறாகிறது. ஆண்டவர் தம் சீடரின் பாதங்களைக் கழுவினார். அடிமையின் வேலையைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். அந்த வேலையை அடிமைக்கே விட்டுவிட்டு, அவனைப் பாராட்டிப் பேசிவிட்டு அவர் பந்தியில் அமர்ந்துவிடவில்லை.

இந்த இருட்டுக்குள் ஒளிக்கீற்றுகளும் இல்லாமல் இல்லை. 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் சிக்கிக்கொண்ட இரு தொழிலாளரைக் காப்பாற்ற, அருகிலிருந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் உள்ளே இறங்கினார். அவர்கள் ஆந்திரத்திலிருந்து வந்தவர்கள். அவருக்கு முன்பின் அறியாதவர்கள். மூவருமே இறந்தனர். 2018-இல் அதே கேரளத்தில், இளம் பொறியியல் பட்டதாரிகள் சிலர் உருவாக்கிய 'பாண்டிகூட்' என்னும் இயந்திரம் திருவனந்தபுரத்தின் பாதாளச் சாக்கடைகளில் வேலை செய்யத் தொடங்கியது. மனிதன் இறங்க வேண்டிய இடத்தில் இயந்திரம் இறங்குகிறது. மேலே நின்று அதை இயக்குபவர் தொழிலாளி. என் வயதை ஒத்தவர்களின் அறிவு இப்படியும் பயன்படக் கூடும் என்பது எனக்கு நம்பிக்கை தருகிறது.

எனினும் இயந்திரம் வந்துவிட்டது என்று நாம் நிம்மதி கொள்வதற்கில்லை. உறிஞ்சு லாரி நீர்த்த கழிவை இழுத்துவிடும். ஆண்டுக்கணக்கில் அள்ளாமல் விட்டதால் பாறையாக இறுகிய வண்டல் அடியில் தங்கிவிடும். "அதையும் எடுத்துவிடப்பா, தனியாகப் பார்த்துக் கொடுக்கிறேன்" என்று வீட்டுக்காரர் சொல்லும் அந்த ஒரு சொல்லில்தான் சாவு தொடங்குகிறது. லாரி நுழைய முடியாத சந்தில் தொட்டி கட்டுகிறோம். திறப்பை மூடி, அழகுக்காக மேலே ஓடு பதிக்கிறோம். புதிதாகக் கட்டிய தொட்டியில் சாரப் பலகையைப் பிரிக்க இறங்கும் கட்டடத் தொழிலாளரும் மூச்சடைத்து இறப்பதுண்டு. அங்கே மனிதக் கழிவு இன்னும் சேரவே இல்லை. மூடிக் கிடந்த இடத்தில் உயிர்வாயு இல்லாமற் போனதே காரணம். ஆகவே ஒரு மனிதனின் உயிர், வீட்டு வரைபடத்தில் நாம் இடும் ஒரு கோட்டிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, வண்டல் இறுகுமுன் தொட்டியைக் காலி செய்துவிட்டால் ஒருவரும் இறங்க நேராது. லாரி அழைக்கும்போதே, "எந்தக் காரணம் கொண்டும் ஆள் இறங்கக்கூடாது" என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு கூலி பேசலாம். இவை பெரிய தியாகங்கள் அல்ல. சில நூறு ரூபாயும் கொஞ்சம் அக்கறையும் கேட்பவை. வீடுகளுக்குப் பொருந்துவது நம் பங்கு இல்லங்களுக்கும், பள்ளிகளுக்கும், விடுதிகளுக்கும், திருமண மண்டபங்களுக்கும் பொருந்தும். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் வளாகத்தின் தொட்டி எப்போது, யாரால், எவ்வாறு தூய்மை செய்யப்படுகிறது என்பதை வளாகத்தில் எத்தனை பேர் அறிவோம்? உடன்பிறந்தவன் எங்கே என்று காயினிடம் கடவுள் கேட்டபோது, அவன் தனக்குத் தெரியாது என்றே சொன்னான். தெரியாது என்பது அன்றும் விடையாக ஏற்கப்படவில்லை.

சென்ற மாதம் எங்கள் அன்பியக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்பினேன். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஒரு பெரியவர், "நம்ம சமூகக்கூடத் தொட்டிக்கு மூடி எங்க இருக்குன்னே தெரியலையே தம்பி, முன்வாசலுக்குக் கல் பதிச்சப்ப அதையும் சேர்த்து மூடிட்டாங்க" என்றார். கொத்தனாராக வேலை செய்யும் மற்றொருவர், எந்த இடம் என்று தமக்கு நினைவிருப்பதாகச் சொன்னார். கல்லைப் பெயர்த்துத் திறப்பு வைப்பது, காலி செய்யும் நாளைப் பதிவேட்டில் குறிப்பது, ஆள் இறங்கக்கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குவது என்று மூன்று முடிவுகளைப் பங்குப் பேரவைக்கு எழுதி அனுப்பியிருக்கிறோம். முன்வாசலின் அழகு கொஞ்சம் கெடும் என்று சிலருக்கு வருத்தம்தான். கெடட்டும் என்று அந்தப் பெரியவரே சொல்லிவிட்டார்.