வாயில்லா ஜீவனுக்காகப் பேசுவோர்

விலங்கைப் பரிவோடு குறிப்பிட நேரும்போது இந்திய மொழிகள் பலவும் அதன் பேச்சின்மையைத்தான் முதலில் சொல்கின்றன. தமிழில் அது 'வாயில்லா ஜீவன்'. மலையாளத்தில் 'மிண்டாப்பிராணி', அதாவது பேசாத உயிர். தெலுங்கில் 'மூகஜீவி'. இந்தியில் 'பேஜுபான்', நாவற்றது. திராவிட மொழிகளும் இந்தோ-ஆரிய மொழிகளும் வேறுபடும் இடங்கள் எத்தனையோ. இந்த ஒன்றில் அவை ஒத்துப்போகின்றன. இச்சொற்களில் இரக்கம் தொனிக்கிறது. ஆனால் மருத்துவரின் மேசைமீது அவ்வுயிரைக் கிடத்தியதும் இதே சொற்கள் வேறொரு பொருளைப் பெற்றுவிடுகின்றன. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, நேற்றுக் கொடுத்த மருந்து பலன் தந்ததா என்று சொல்ல நோயாளிக்கு வாயில்லை. அதன் சார்பில் பேசுபவர் வேறொருவர். பணம் கொடுப்பவரும் அவரே. நோவு மட்டும் அவருடையதன்று.

செல்லப் பிராணிகளுக்கான மருத்துவச் செலவு நகரங்களில் ஏறிக்கொண்டே போகிறது என்ற முறையீட்டையும், 'நம்பத் தகுந்த மருத்துவர் யார்?' என்ற கேள்வியையும் இந்த மூவர் உறவிலிருந்து பார்க்கத் தொடங்குவது பயன் தரும். ஏனைய பண்டங்களைப் போல மருத்துவத்தை விலைபேசி வாங்க இயலாது என்பதைக் கென்னத் ஆரோ 1963இல் எழுதிய கட்டுரை தெளிவுபடுத்தியது. வாங்குபவர் அறியாததை விற்பவர் அறிந்திருக்கிறார். அந்த இடைவெளியை நம்பிக்கையே நிரப்ப வேண்டியிருக்கிறது. பத்தாண்டு கழித்து, 1973இல், மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் இன்னும் ஒரு படி சென்றனர். பயன்படுத்தி முடித்த பின்னரும் தரத்தை அறிய முடியாத சேவைகள் உண்டு என்றும், அவை 'நம்பிக்கைப் பண்டங்கள்' என்னும் தனி வகை என்றும் அவர்கள் வகுத்தனர்.

மனித மருத்துவத்தில் நோயாளிக்குத் தன் வலி குறைந்ததா என்றாவது தெரியும். விலங்கு மருத்துவத்தில் அந்தச் சான்றும் இல்லை. மூட்டு நோயால் நொண்டும் நாய்களைப் பற்றி 2012இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டுகிறது. வெற்று மாத்திரை கொடுக்கப்பட்ட நாய்களின் நடையில் முன்னேற்றம் தெரிவதாக உரிமையாளர்கள் பலர் கூறினர். சோதித்த மருத்துவர்கள் பலரும் அவ்வாறே கூறினர். கால் ஊன்றும் விசையை அளந்த கருவியோ அந்த முன்னேற்றத்தைக் காணவில்லை. எனவே 'அவரிடம் காட்டினோம், சரியாகிவிட்டது' என்னும் சான்றுரை எவ்வளவு நேர்மையாகச் சொல்லப்பட்டாலும் முழுச் சான்றாகாது.

செலவு ஏன் ஏறுகிறது என்னும் கேள்விக்கான விடையின் ஒரு பகுதியும் ஒரு சொல்லில்தான் இருக்கிறது. தமிழில் 'கால்நடை மருத்துவர்' என்கிறோம். பேச்சில் 'மாட்டு டாக்டர்'. அச்சொல் ஆடுமாடுகளை மனத்தில் வைத்துப் பிறந்தது. நாட்டின் பொது மருத்துவ அமைப்பும் அப்படியே பிறந்தது. 1889இல் புணேயில் தொடங்கப்பட்டு, 1893இல் இமயமலைச் சரிவிலுள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்ட நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடமே இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. அதன் முதற்பெரும் பகை மாடுகளைக் கொன்று குவித்த வெக்கை நோய். அந்நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டுவிட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு இந்தியாவில் 53 கோடிக்கு மேற்பட்ட கால்நடைகளைக் காட்டுகிறது. அரசு மருந்தகங்களின் கண் அவற்றின்மீதே இருப்பதில் வியப்பில்லை.

உழவரின் எருமைக்குச் சந்தையில் ஒரு விலை உண்டு. அது கொடுமையான அளவுகோல்; ஆயினும் சிகிச்சைச் செலவுக்கு அது ஓர் உச்சவரம்பை வைத்திருந்தது. தெருவிலிருந்து தூக்கி வந்த பூனைக்குச் சந்தை விலை ஏதுமில்லை. அதன் சிகிச்சைக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதை அன்பு மட்டுமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அன்புக்கோ தொகை குறிக்கத் தெரியாது. அதே காலத்தில் எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், ரத்தப் பகுப்பாய்வுக் கருவி, மயக்க மருந்து இயந்திரம், இரவுப் பணியாளர்கள் என மனித மருத்துவமனையின் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் சிறு தனியார் மருத்துவமனைகளுக்குள் வந்துவிட்டன. அவற்றின் விலை, வந்துபோகும் சில நூறு பிராணிகளின் கட்டணத்தில் பங்கிடப்படுகிறது. மனிதரின் சிகிச்சைச் செலவில் ஒரு பகுதியை அரசு மருத்துவமனையோ காப்பீடோ பணியிடமோ சுமப்பதால் அதன் முழு அளவு கண்ணில் படுவதில்லை. பிராணிக்குக் காப்பீடு எடுப்போர் இங்கு மிகச் சிலரே. ஆகவே முழுத் தொகையும் ஒரே நாளில், ஒரே மனிதரின் கையிலிருந்து போகிறது. உயர்ந்த கட்டணம் அனைத்தும் ஏமாற்று என்று கொள்வது இந்தக் கணக்கைக் காணத் தவறுவதாகும்.

அப்படிக் காணத் தவறுவதால் உயிரே போகலாம் என்பதற்குத் தில்லியில், ஒரு பல்கலைக்கழக விடுதியில் நடந்த நிகழ்வு சான்று. விடுதியின் ஆண்பூனை மண்ணைக் கிளறிக் குந்துவதும் எழுவதுமாக இருந்தது. அதற்குச் சோறிட்டு வந்த ஆய்வு மாணவர் மலச்சிக்கல் என்று முடிவு செய்தார். தேசியத் தகுதித் தேர்வு வழி உதவித்தொகை பெறும் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய். அது கிட்டாத முனைவர் பட்ட மாணவருக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் 8,000 ரூபாய். அவர் இரண்டாம் வகையினர். முதலில் சென்ற மருத்துவமனையில் பூனையை உள்ளே கொண்டு சென்றனர். சற்று நேரத்தில் அச்சிட்ட தாள் ஒன்று வந்தது: ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன், மயக்க மருந்து, வடிகுழாய், மூன்று நாள் உள்நோயாளிக் கட்டணம், மொத்தம் 22,000 ரூபாய். எது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. மலச்சிக்கலுக்கு இவ்வளவா என்று அவர் பூனையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். விடுதி வாட்ஸாப் குழுவில் விசாரித்து, ஆட்டோ பிடித்து, வேறொரு மருத்துவரைச் சென்றடைய மூன்று மணி நேரம் ஆயிற்று.

இரண்டாம் மருத்துவர் வயது முதிர்ந்த பெண்மணி. மலச்சிக்கல் என்பதைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியாக அது சிறுநீர் கழித்ததை எப்போது பார்த்தீர்கள்?" மாணவரிடம் பதிலில்லை. அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்து, மாணவரின் விரலையும் அங்கே வைக்கச் சொன்னார். கெட்டியான பந்து போலிருந்தது சிறுநீர்ப்பை. ஆண்பூனைக்குச் சிறுநீர்ப் பாதை குறுகலானது. அது அடைபட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடக்கூடும் என்று விளக்கினார். பிறகு தாளில் எழுதியபடியே பிரித்தார். இந்த மணி நேரத்தில் செய்ய வேண்டியவை: பொட்டாசியம் அளவு, நரம்பு வழித் திரவம், மயக்க மருந்து, வடிகுழாய். நாளை பார்க்க வேண்டியது: கல் இருக்கிறதா என்று ஓர் எக்ஸ்ரே. தேவை நேர்ந்தால் மட்டும்: ஸ்கேன். அதன் பின் நிமிர்ந்து, "பேட்டா, கையில் எவ்வளவு இருக்கிறது? சொல், அதற்குள் என்ன முடியும் என்று பார்ப்போம்" என்றார்.

பூனை பிழைத்தது. அடைப்பு மீண்டும் வரலாம் என்ற எச்சரிக்கையோடுதான் அது வீடு திரும்பியது. செலவு 17,000 ரூபாயைத் தொட்டது. விடுதி நண்பர்கள் பங்கிட்டுக்கொண்டனர். இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு மருத்துவமனைகளின் பட்டியலும் பெருமளவு ஒன்றே என்பது. முதல் மருத்துவமனையின் தாள் பொய்யன்று. அதிலிருந்தவை பெரும்பாலும் தேவையானவையே. அங்கே இல்லாதிருந்தது காரணமும் வரிசையும். விளக்கம் இல்லாத இடத்தில் ஐயம் புகுந்தது. அந்த ஐயத்தின் விலை மூன்று மணி நேரம். அந்நோயில் மூன்று மணி நேரம் சிறிதன்று.

ஆகவே நம்பத் தகுந்த மருத்துவரைக் கட்டணத்தின் அளவைக் கொண்டோ கட்டடத்தின் பளபளப்பைக் கொண்டோ இனங்காண இயலாது. அவர் பேசும் முறையைக் கொண்டு ஓரளவு இயலும். எந்தப் பரிசோதனையைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கலாம்: 'இதன் முடிவைப் பொறுத்து சிகிச்சை எப்படி மாறும்?' மாறும் என்றால் எவ்வாறு என்று நல்ல மருத்துவர் சொல்வார்; மாறாது என்றால் அதைத் தள்ளிவைக்க அவரே இசைவார். 'இப்போது செய்யாமல் இரண்டு நாள் பொறுத்தால் என்ன ஆகும்?' என்பது அடுத்த கேள்வி. 'இது என்னால் முடியாது, இன்னாரிடம் செல்லுங்கள்' என்று சொல்லத் தயங்காதவரா என்பதும் பார்க்கத் தக்கது.

சிறந்த சிகிச்சை ஒன்றுதான், மற்றவை அனைத்தும் கைவிடல் என்ற எண்ணத்தை அண்மைக் கால விலங்கு மருத்துவமே திருத்தி வருகிறது. நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோயில், கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 40 நாய்களைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு ஓர் எடுத்துக்காட்டு. எல்லா நாய்களுக்கும் முதலில் நரம்பு வழித் திரவம் ஏற்றி உடலை நிலைப்படுத்தினர். அதன்பின் ஒரு பாதிக்கு வழக்கமான உள்நோயாளிச் சிகிச்சை. மறு பாதிக்கு வெளிநோயாளியாகவே தரத்தக்க எளிய சிகிச்சை. முதற்பிரிவில் 90 விழுக்காடும் இரண்டாவதில் 80 விழுக்காடும் பிழைத்தன. பணமில்லாதவரிடம் 'எல்லாம் செய்யுங்கள், அல்லது ஒன்றும் இல்லை' என்று சொல்வதற்கும், 'இந்த இரண்டாம் வழியும் உண்டு, இதன் வாய்ப்பு இவ்வளவு' என்று சொல்வதற்கும் நடுவில் ஓர் உயிர் நிற்கிறது.

மலிவும் தன்னளவில் நம்பிக்கைக்குச் சான்றன்று. ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டால் சோர்ந்த நாய் மறுநாளே எழுந்து தின்னக்கூடும். உள்ளிருக்கும் நோய் அப்படியே வளரவும் கூடும். மருந்துக் கடையில் வாங்கிக் கொடுக்கும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒரு மாத்திரையே கொன்றுவிடலாம். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டம் பதிவு பெற்றவரே இத்தொழிலை நடத்தலாம் என்கிறது. பதிவு எண்ணைக் கேட்பது அவமதிப்பாகாது. செலவைக் குறைக்க விரும்புவோர் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகளை நாடலாம். 1886இல் தோன்றிய மும்பைப் பரேல் கல்லூரி, 1903இல் தோன்றிய சென்னை வேப்பேரிக் கல்லூரி போன்ற இடங்களில் காத்திருப்பு நீளமானது, கட்டணம் குறைவு.

பிராணிக்காகப் பேசுபவருக்கும் ஒரு கடமை உண்டு: அவர் நல்ல மொழிபெயர்ப்பாளராக இருக்க வேண்டும். 'மலச்சிக்கல்' என்பது அந்த மாணவரின் விளக்கம். 'குந்துகிறது, எழுகிறது, ஒன்றும் வெளிவரவில்லை' என்பதே அவர் கண்டது. மருத்துவருக்குத் தேவை கண்டதுதான். மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட பூனை முகபாவ அளவுகோல் காதின் நிலை, கண் சுருக்கம், வாய்ப்பகுதியின் இறுக்கம், மீசையின் வளைவு, தலையின் நிலை ஆகிய ஐந்துக்கு மட்டும் மதிப்பெண் தந்து வலியைக் கணிக்கிறது. நாவற்றது என்று நாம் பெயரிட்ட உயிருக்கு ஒரு முகமொழி இருந்திருக்கிறது. அதைக் கற்கக் கட்டணமில்லை. வாரம் ஒருமுறை எடை, உணவு, சிறுநீர், மலம் பற்றி இரண்டு வரி எழுதி வைத்தால், அது தேவையற்ற பரிசோதனை ஒன்றைத் தவிர்க்க உதவலாம். உரிய காலத்தில் போடும் தடுப்பூசியும் கருத்தடை அறுவையும், பின்னாளில் பார்வோவுக்கும் கருப்பைச் சீழுக்கும் நள்ளிரவில் கொடுக்க நேரும் தொகையின் சிறு பகுதியே.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்க உகந்த நேரம் பிராணி நலமாக இருக்கும்போதுதான். தடுப்பூசிக்குச் சென்ற நாளில் கட்டணங்களைக் கேட்கலாம், இரவில் யாரை அழைப்பது என்று கேட்கலாம். 'என்னால் மாதம் இவ்வளவுதான் முடியும்' என்று சொல்லிப் பார்க்கலாம். அந்தச் சொற்களைக் கேட்டதும் எதிரில் இருப்பவரின் குரல் எப்படி மாறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பணமின்மையை வெட்கமின்றிச் சொல்ல முடிகிற இடத்தில் நோயையும் மறைக்காமல் சொல்ல முடியும். சொல்லத் தயங்கும் இடத்தில் வளர்ப்பவர் தாமதிப்பார், பொய் சொல்வார், பாதியில் மருந்தை நிறுத்துவார். அவற்றின் விளைவு முழுவதையும் வாயில்லாத அந்த ஒன்று சுமக்கும்.